தொலைபேசிக் குரலும் செவித் தமிழும்

ஒரு நூல் வெளிவந்தால் அதன் நடை எத்தகையது, சொல்லாட்சி எத்தகையது, கற்போர்க்கு அது பயன்படுமா என்று ஆராய்ந்து எழுதுவோர் உளர். மேடையில் ஒருவர் பேசினால் அப்பேச்சின் குறைநிறைகளை எடுத்துக்காட்டுவோரும் உளர். ஆயின், நாள்தோறும் பல்லாயிரவர் செவியில் புகும் ஒருவகைத் தமிழ் மட்டும் திறனாய்வார் இன்றிக் கிடக்கிறது. தொலைபேசியில் ஓர் எண்ணை அழைத்தவுடன் மறுமுனையில் ஆளின்றி ஒலிக்கும் பதிவுக் குரலின் தமிழே அது. வங்கிக் கணக்கு, மின் கட்டணம், மருத்துவமனைக்கு வரவேண்டிய நாள், பயிர் விலை, அரசு உதவித்தொகை ஆகிய பலவற்றுக்கும் இன்று இக்குரலே வாயிற்காவலனாய் நிற்கிறது. அதன் வாசகத்தை யாரோ ஒருவர் எழுதுகிறார். யாரோ ஒருவர் படித்துப் பதிவு செய்கிறார். எழுதியவர் பெயர் தெரிவதில்லை. எழுதியது நன்றா தீதா என்று கேட்பாரும் இல்லை.

இதனைப் பொறியியலார் வேலை என்று தமிழாசிரியர் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அங்ஙனம் ஒதுக்குதல் பொருந்தாது. கருவி பொறியியலார்க்கு உரியது. அதன் வழியே வரும் சொல் தமிழுக்கு உரியது. சொல் பிழைபட்டால் கருவி எத்துணை நுட்பமானதாயினும் கேட்பவர்க்குப் பயன் இல்லை. தோட்டப்புறத்தில் உழைத்து முதுமையடைந்து, இன்று பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ் டவுனிலோ மகன் வீட்டில் வாழும் பாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்க. அவருக்குப் படிக்கத் தெரியாது. தொலைபேசியை எடுக்கத் தெரியும். தமிழ் பேசத் தெரியும். அவர் செவிக்கு எட்டாத தமிழைக் குரல் பேசுமாயின், எழுத்தறியாமை என்னும் சுவரை இடித்த இடத்திலேயே மற்றொரு சுவரை எழுப்பியதாக முடியும்.

எழுத்தறியார்க்கு ஒரு வாயில்

வளரும் நாடுகளில் தொலைபேசிக் குரற்சேவைகள் தோன்றியதற்குத் தக்க காரணம் உண்டு. கணிப்பொறி இல்லாத வீட்டிலும் கைத்தொலைபேசி உண்டு. எழுதப் படிக்க அறியாதவரும் பேசக் கேட்க அறிவர். ஆதலின், எழுத்தின் வாயிலாகச் சென்று சேராத செய்தியைக் குரலின் வாயிலாகச் சேர்க்கலாம் என்று இந்நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு ஆய்வாளர் பலர் முயன்றனர்.

குரலின் ஆற்றல் எத்தகையது என்பதற்குத் தமிழர் வாழ்விலேயே சான்று உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஓர் அறிவு மையத்தை அமைத்திருந்தது. 2004 டிசம்பர் 26-இல், பினாங்குக் கரையிலும் பல உயிர்களைக் கொண்ட அந்த ஆழிப்பேரலை எழுந்த நாளில், சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தம் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதனை ஊரெங்கும் பரப்பிற்று. மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர். அறிவிப்புப் பலகை எதுவும் அன்று அவர்களைக் காத்திருக்க இயலாது.

அன்று பேசியது ஊராரின் குரல். பேசிய தமிழும் ஊராரின் தமிழ். கேட்டவர் எவரும் அதன் பொருள் விளங்காமல் மயங்கவில்லை. மனிதக் குரலுக்கு மாற்றாகப் பொறியின் குரல் வரும்போது இவ்வியல்பு நிலைக்கிறதா என்பதே இக்கட்டுரையில் ஆராயத்தக்கது.

செம்பட்டியும் குஜராத்தும்

தமிழில் இத்துறையில் நடந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் பெர்க்லியைச் சார்ந்த மேடலின் பிளாஷே முதலிய ஆய்வாளர்கள் 2004-க்குப் பின் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் செய்த பணி. 'தமிழ் மார்க்கெட்' என்னும் பெயரில் உழவர்க்குரிய செய்திகளைப் பேசியும் கேட்டும் அறிவதற்கு ஒரு பொறியமைப்பை அவர்கள் ஆக்கினர். அது 2006-இல் அறிஞர் அவையில் வெளியிடப்பட்டது. பின்னர்த் திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டியில், வாழைப் பயிர் பற்றிய செய்திகளைக் கொண்டு இம்முயற்சி தொடர்ந்தது. இது தொலைபேசிச் சேவையாகவே அமைந்ததன்று. ஆயினும் தமிழ்ச் சொல்லைப் பொறி எவ்வாறு கேட்டு உணரும் என்பதை ஊர்ப்புறத்தே ஆராய்ந்தமையால் தொலைபேசிக்கும் அது வழிகாட்டியாகிறது.

இம்முயற்சியின் சிறப்பு இரண்டு. ஒன்று, ஆய்வாளர் நகரத்து அறையில் அமர்ந்து தமிழ் இன்னது என்று முடிவு செய்யவில்லை. தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் ஊர் மக்களின் குரலையே பதிவு செய்தனர். மற்றொன்று, மக்கள் பொறியைப் பயன்படுத்தும்போதே அவர்தம் சொற்களைத் திரட்டிப் பொறியைத் திருத்தும் முறையை வகுத்தனர். அதாவது, கேட்போர் பொறிக்கு மாணவராகாமல் பொறி கேட்போர்க்கு மாணவனாயிற்று. இதன் குறையும் சொல்லத்தக்கதே. சில சொற்களை மட்டுமே அறிந்த பொறி, அச்சொற்களைச் சொல்பவர்க்கே விடையிறுக்கும். வேறு சொல்லால் கேட்பவர் வாயிலிலேயே நிற்க வேண்டும்.

குஜராத்தில் நடந்த முயற்சி தொலைபேசிக்கே உரியது. நீல் பட்டேல் முதலிய ஆய்வாளர், உழவர்க்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்துடன் கூடி அமைத்த இச்சேவையின் பெயர் 'அவாஜ் ஓட்லோ' என்பது. தமிழில் சொன்னால் 'குரல் திண்ணை' எனலாம். பெயரிலேயே அதன் கருத்து அடங்கியுள்ளது. உழவர் தொலைபேசியில் அழைத்துத் தம் ஐயத்தைத் தம் குரலில் பதிவு செய்வர். பிறர் கேட்டவற்றையும் அவற்றுக்கு வந்த விடைகளையும் கேட்பர். 7 திங்கள் நடந்த வெள்ளோட்டத்தில் 51 உழவர் பங்கு கொண்டனர். விதித்துக் கொடுத்த செய்தியைக் காட்டிலும் இத்திண்ணைப் பேச்சையே அவர்கள் மிகுதியும் நாடினர் என்று 2010-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

வாயால் சொல்லுதல் எளிதா, பொத்தானை அழுத்துதல் எளிதா என்னும் வினாவுக்கும் இவ்வாய்வாளர் விடை தேடினர். 45 உழவரைக் கொண்டு செய்து 2009-இல் வெளியிட்ட சோதனையில் பொத்தானே வென்றது. எட்டாம் வகுப்புக்கும் குறைவாகப் படித்தவரிடத்தும், 30 வயதுக்கு உட்பட்டவரிடத்தும் அவ்வேறுபாடு மிகுதியாகக் காணப்பட்டது. ஆயின் அதே காலத்தில் பாகிஸ்தானில் உடல்நலச் செய்திச் சேவையொன்றைக் கொண்டு செய்த ஆய்வு, வாயால் சொல்லுதலே சிறந்தது என்று முடிவு கண்டது. இவ்விரண்டும் முரண்படுவன போலத் தோன்றும். உண்மையில் இவை ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. ஒரு மொழியாரிடத்தும் ஒரு தொழிலாரிடத்தும் கண்ட முடிவை வேறோர் ஊரார் தலைமேல் ஏற்றுதல் ஆகாது. தமிழர்க்குரிய சேவையைத் தமிழர் செவியிலேயே ஆய்ந்து காணல் வேண்டும்.

குரல் சொல்லும் தமிழ்

நூலுக்குக் குற்றம் பத்து, அழகு பத்து என வகுத்தார் நன்னூலார். ஏட்டுக்கு வகுத்த அவ்வளவுகோல் தொலைபேசிக் குரலை அளக்கவும் வியக்கத்தக்க வகையில் உதவுகிறது. பின்வரும் வாசகத்தைக் காண்க. இஃது எந்நிறுவனத்தின் வாசகமும் அன்று. இவ்வகை நடையைக் காட்டுதற்கு அமைத்த மாதிரி மட்டுமே:

'எங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தினைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி. தாங்கள் தமிழ் மொழியினைத் தெரிவு செய்ய விரும்பும் பட்சத்தில் தயவுகூர்ந்து எண் இரண்டினை அழுத்தவும்.'

இதில் 18 சொற்கள் உள்ளன. கேட்பவர்க்கு வேண்டியவை மூன்றே: 'தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள்.' மற்றவை மிகைபடக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும். ஏட்டில் மிகை இருந்தால் படிப்பவர் அதனைத் தாண்டிச் செல்லலாம். குரலில் தாண்டுதல் இயலாது. முழுதும் கேட்டே தீரல் வேண்டும். நிமிடத்துக்குக் காசு கொடுத்துப் பேசும் ஏழைக்கு ஒவ்வொரு மிகைச் சொல்லும் பணச் செலவு. இந்தியாவில் எளியோர் மணியடித்து வைத்துவிட, சேவை அவர்களைத் திரும்ப அழைக்கும் 'மிஸ்டு கால்' முறை பரவியதற்கும் இச்செலவே காரணம்.

'அழுத்தவும்' என்னும் முடிபும் ஆராயத்தக்கது. இஃது இலக்கணப் பிழையன்று. ஆயினும் இது பலகைக்கு உரிய வடிவம். 'கதவைச் சாத்தவும்' என்று சுவரில் எழுதுவர். வீட்டில் ஒருவரை நோக்கி அவ்வாறு எவரும் சொல்லார். 'சாத்துங்கள்' என்பதே நேரில் சொல்லும் வழக்கு. தொலைபேசிக் குரல் ஒருவர் செவியில் பேசுவது, பலகையில் எழுதுவதன்று. ஆதலின் 'அழுத்துங்கள்' என்பதே அதற்கு ஏற்றது. இது வழக்கிலும் உள்ளது, இலக்கணத்துக்கும் மாறுபடவில்லை.

சொற்கிடக்கை முறையிலும் பிழை நேர்கிறது. ஆங்கில வாசகத்தை அடியொற்றிப் பெயர்ப்பவர், 'எண் நான்கை அழுத்தவும், தங்கள் கணக்கில் எஞ்சியுள்ள தொகையினை அறிந்துகொள்வதற்கு' என்று எழுதிவிடுகின்றனர். எண் முன்னே வந்துவிடுகிறது. அது எதற்கு என்பது பின்னே வருகிறது. கேட்பவர், தமக்கு வேண்டியது இதுதான் என்று உணரும் வேளையில் எண் நினைவிலிருந்து நழுவிப் போகிறது. முதலிற் பயனைச் சொல்லி இறுதியில் எண்ணைச் சொல்லுதலே நன்று என்பது குரற்சேவை அமைப்போர் பட்டறிவால் கண்ட விதி. பயனிலையை இறுதியில் வைக்கும் தமிழ், அவ்விதியை இயல்பாகவே தன்பால் கொண்டுள்ளது. 'மீதிப் பணம் எவ்வளவு என்று அறிய, நான்கு' என்பது தமிழ் நடை. தன் வீட்டில் உள்ள பொருளைப் புறக்கணித்து அயலார் கைவிட்டதைக் கடன் வாங்குவது போன்றதே மேற்கண்ட மொழிபெயர்ப்பு.

பட்டியலுக்குள் பட்டியலாகச் சென்று, ஐந்தாறு முறை பொத்தானை அழுத்திய பின்னர், 'மன்னிக்கவும்' என்று சொல்லி அறுந்துபோகும் சேவைகள் உண்டு. சென்று தேய்ந்திறுதல் என்னும் குற்றத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நூல்களில் கிடைப்பது அரிது. ஒரே மூச்சில் ஒன்பது பொருள்களை அடுக்கிக் கூறுவது மயங்க வைத்தல். ஒரு முறைக்கு நான்கைந்துக்கு மேற்படாமல் சொல்லுதலே செவிக்கு இயலும் அளவு.

ஆயின், ஒரு குற்றம் மட்டும் தொலைபேசியில் குணமாக மாறுகிறது. அது கூறியது கூறல். ஏட்டைப் படிப்பவர் விளங்காத இடத்தில் பக்கத்தைத் திருப்பி மீண்டும் படிப்பார். குரலைக் கேட்பவர்க்குத் திருப்பப் பக்கம் இல்லை. ஆதலின் கேட்டவுடன் மீண்டும் சொல்லும் பண்பு குரலுக்கு இன்றியமையாதது. அதனினும், கேட்கப்படாத போதே இன்றியமையாத எண்ணை இருமுறை சொல்லுதல் நலம். நன்னூல் விதியை அறிந்து பயன்படுத்துதல் என்பது அதனை எங்கே தளர்த்த வேண்டும் என்று அறிதலும் ஆகும்.

தமிழின் புணர்ச்சியை அறியாமையால் நேரும் பிழை மற்றொன்று. பொறிக் குரலில், தனித்தனியே பதிந்த சொற்களை ஒட்டிச் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் இது பெரிதும் பொருந்தும். தமிழிலோ நூறு என்பது 'நூற்று' என்றும், ஆயிரம் என்பது 'ஆயிரத்து' என்றும், இருபது என்பது 'இருபத்து' என்றும் திரிந்தே அடுத்த எண்ணோடு சேரும். திரிபின்றி ஒட்டினால் 'ஆயிரம், நூறு, இருபது, மூன்று' என்று நான்கு தொகைகளை அடுக்கியதாகிவிடும். கேட்பவர்க்குத் தொகையே மாறிப்போம். ஊர்ப்பெயரின்மேல் உருபை ஒட்டும்போதும் இதே இடர் உண்டு. பினாங்கு 'பினாங்கில்' ஆகும்; மதுரை 'மதுரையில்' ஆகும்; மன்னார்குடி 'மன்னார்குடியில்' ஆகும். ஒவ்வொரு பெயரையும் உருபேற்ற வடிவிலேயே பதிந்து வைத்தல் ஒரு வழி. சந்தையில் கூவி விற்பவர் போலப் பெயரைத் தனியே நிறுத்தி, 'ஊர், மதுரை. விலை, இருபது ரூபாய்' என்று அமைத்தல் எளிய வழி. இவ்விரண்டுள் எது தகும் என்று சொல்ல வல்லவர் பொறியியலார் அல்லர், தமிழாசிரியரே.

குரல் கேட்க வேண்டிய தமிழ்

குரல் சொல்வதோடு நின்றால் அது வானொலி. மறுமொழியைக் கேட்டு உணர்ந்தால்தான் அது சேவை. இங்கேதான் தமிழின் பன்மை முன்வந்து நிற்கிறது.

எண்ணுப் பெயர்களையே காண்க. எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வாயிலோ ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒன்பதை 'ஒம்பது' என்பதே பெருவழக்கு. ஏழு என்பதன் ழகரம் ஓரிடத்தில் ளகரமாகவும் வேறோரிடத்தில் யகரமாகவும் ஒலிக்கும். ஏழும் எட்டும் பலர் வாயில் யகரம் முன்வரப் பிறக்கும். ஒண்ணும் ஒம்பதும் ஒரே ஒலியில் தொடங்கும். பழைய தொலைபேசி வழிகளோ மனிதக் குரலின் அதிர்வுகளுள் நொடிக்கு 300 முதல் 3400 வரை உள்ளவற்றை மட்டுமே கடத்தும். நுண்ணிய மெய்யொலி வேறுபாடுகள் அவற்றில் மங்கிவிடும். நேரில் ஐயமின்றி விளங்கும் சொல்லும் தொலைபேசியில் ஐயத்துக்கு இடமாவது இதனால்தான்.

செம்பட்டி உழவர்க்குரிய 'வாழை' என்னும் சொல்லும் இத்தகையதே. அதனை வாளை என்பாரும் உளர், வாயை என்பாரும் உளர். வாளை என்பது மீனின் பெயர். எழுத்து வடிவை மட்டும் கற்ற பொறி, வாழைக்கு உரம் கேட்டவர்க்கு மீன் விலையைச் சொல்லக்கூடும். இப்பிழை உழவருடையதன்று; அவர் தம் தாய் பேசியவாறே பேசினார். கேட்கத் தெரியாத பொறியைச் செய்தவரே பிழை செய்தவர்.

பினாங்கில் இப்பன்மை இன்னும் விரியும். இங்கே நாணயத்தின் பெயர் ரிங்கிட். தமிழர் வாயில் அது 'வெள்ளி'. 'மூணு வெள்ளி அம்பது காசு' என்று சொல்லும் ஒருவரைப் பொறி உணராவிடின் அது பினாங்குத் தமிழ் அறியாப் பொறியாகும். தெருப்பலகையில் 'லெபோ பாசார்' என்றிருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் அதனைக் 'கடைத்தெரு' என்றே அழைத்து வந்தனர். தண்ணீர்மலைக் கோயில் எங்குள்ளது என்று கேட்டால் பினாங்குத் தமிழர் எவரும் வழி காட்டுவர். அப்பெயரைப் பொறி அறியுமா? சூலியர் வழிவந்த தமிழ் முஸ்லிம்கள், தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள், யாழ்ப்பாண மரபினர் ஆகியோர் பேசும் தமிழிலும் வேறுபாடுகள் உண்டு. இவர்களுள் எவருடைய தமிழை விலக்கினாலும் சேவையின் ஒரு கதவு மூடப்படுகிறது.

யாருடைய குரல்?

சொல்லும் நடைக்கு அடுத்ததாக, சொல்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. குஜராத்தில் இதனை அளந்து பார்த்தனர். 305 உழவர்க்கு இரண்டு கிழமைக் காலத்தில் ஏழு வேளாண் குறிப்புகள் தொலைபேசியில் அனுப்பப்பட்டன. அதே குறிப்புகளைப் பல்கலைக்கழக அறிஞர் இருவரும் உழவர் இருவரும் தனித்தனியே தம் குரலில் பதிந்திருந்தனர். முழுச் செய்தியைக் கேட்கத் திரும்ப அழைத்தவர் தொகை, உழவர் குரலைக் கேட்டவரிடத்தே மிகுதியாக இருந்தது. ஆயின், யார் சொல்வதை விரும்புகிறீர்கள் என்று நேரில் வினவியபோது பெரும்பாலோர் அறிஞர் சொல்வதையே விரும்புவதாகக் கூறினர். 2012-இல் வெளிவந்த இம்முடிவு எண்ணி எண்ணி மகிழத்தக்கது. வினவியபோது வாய் சொன்னது அவைக்கு ஏற்ற விடை. தனியே இருக்கும்போது கை செய்தது உள்ளத்துக்கு ஏற்ற செயல்.

இதிலிருந்து அறிஞர் சொல் வேண்டா என்று கொள்ளுதல் கூடாது. குரல் திண்ணையில் உழவர் இரண்டையுமே விரும்பினர்: ஐயம் தீர்க்க வல்லாரின் விடையும் வேண்டும், தம்மை ஒத்தாரோடு பேசும் உரிமையும் வேண்டும். திண்ணையில் வழிப்போக்கரும் அமர்வர், வீட்டுக்குரியவரும் அமர்வர். ஒருவர் மட்டும் பேசி மற்றவர் கேட்பது திண்ணையன்று. ஆகவே, கேட்போரின் குரலுக்கும் இடம் தராத சேவையைக் குறைபாடுடையது என்றே கொள்ளல் வேண்டும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்குத் தமிழன்பர் ஒரு தடை எழுப்பக்கூடும். பேச்சு வழக்கு ஊருக்கு ஊர் வேறுபடுவது. மதுரைக்குரியது யாழ்ப்பாணத்தார்க்கு விளங்காது. சென்னைக்குரியது பினாங்கில் நகைப்புக்கு இடமாகும். எல்லாத் தமிழர்க்கும் பொதுவாய் நிற்பது செப்பமான தமிழே. அதனைக் கைவிட்டு, அரசும் வங்கியும் கொச்சைத் தமிழில் பேசத் தொடங்கினால் மாணவர் எதனைச் சான்றாகக் கொள்வர்?

இத்தடையில் உண்மை உண்டு. பொறி ஓர் ஊரின் கொச்சையில் பேசினால் மற்றை ஊரார் அதனைத் தம்மை ஏளனம் செய்வதாகவே கருதுவர். முதியவர் ஒருவரிடம் அயலான் உரிமையின்றிப் பேசுவது போலவும் அது தோன்றும். ஆதலின் பொறியின் குரல் பொதுத் தமிழிலேயே பேசட்டும். ஆயின் பொதுத் தமிழ் என்பது பலகைத் தமிழ் அன்று. 'அழுத்துங்கள்', 'சொல்லுங்கள்', 'இருங்கள்' என்பன எவ்வூரார்க்கும் விளங்குவன. எவ்வாசிரியரும் பிழை என்று அடியிடாதன. மேலே காட்டிய திருத்தங்களுள் ஒன்றேனும் இலக்கணத்தைக் கைவிடச் சொல்லவில்லை என்பது நினைக்கத்தக்கது.

கேட்கும் இடத்திலோ நிலை வேறு. அங்கே செப்பம் வேண்டுவது கருணையற்ற செயல். வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே ஆராய்ந்து இலக்கணம் கண்டவர் தொல்காப்பியர். செய்யுளுக்கு உரிய சொற்களை வகுத்தபோதே திசைச்சொல்லுக்கும் இடம் வைத்தார். செய்யுளே திசைச்சொல்லை ஏற்கும்போது தொலைபேசி ஏற்க மறுப்பது எங்ஙனம் முறையாகும்? 'வெள்ளி' என்பதும் பினாங்குக்குரிய பொருளில் ஒரு திசைச்சொல்லே. ஆகவே, குரற்சேவைக்கு உரிய நெறி இதுவாகும்: சொல்லும்போது ஒரு தமிழ், கேட்கும்போது பல தமிழ். இதனைத் தலைகீழாக்கி, கேட்பவரை ஒரே தமிழில் பேசச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் மனம்போனவாறு எழுதிய தமிழைப் பேசும் சேவையே இன்று குறை காணத்தக்கது.

பினாங்கில் செய்யத்தக்கது

இன்றைய பொறிகள் 2006-இன் பொறிகள் அல்ல. சில சொற்களை மட்டும் அறிந்திருந்த நிலை மாறி, தொடர்ந்த பேச்சையே கேட்டு எழுதும் ஆற்றல் அவற்றுக்கு வந்துள்ளது. இந்திய அரசு 2022-இல் பாஷிணி என்னும் மொழித் திட்டத்தைத் தொடங்கிற்று. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏ.ஐ.4பாரத் ஆய்வுக் குழு, தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளுக்கு மக்களின் குரலைத் திரட்டி வருகிறது. இவை பாராட்டத்தக்க பணிகள். ஆயினும் அக்குரல்கள் இந்திய மாவட்டங்களில் திரட்டப்படுபவை. பொறி தான் கேட்டுப் பழகிய தமிழையே நன்கு அறியும். வெள்ளியும் கடைத்தெருவும் அதற்குத் தெரிய வேண்டுமாயின், அவற்றைச் சொல்லும் வாய்களிலிருந்தே அது கற்க வேண்டும். அவ்வாய்கள் முதியோருடையவை, அக்குரல்கள் ஆண்டுதோறும் குறைந்துவருபவை.

1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உலகத்து மின்னணுக் கருவிகளுக்குரிய உறுப்புகளைச் செய்து அனுப்பிவரும் தீவு பினாங்கு. கருவியின் உடலைச் செய்யும் ஊர், அதன் வாயில் வைக்கும் தமிழையும் ஆராய்ந்து சொல்லத் தகுதியுடையதே. இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டனார் பாட்டியாரிடம் ஒன்று முதல் நூறு வரை எண்ணச் சொல்லியும், தெருக்களின் பழம் பெயர்களைக் கேட்டும், அவர்தம் இசைவோடு பதிந்து வைக்கலாம். ஆசிரியர் அவற்றை வகைப்படுத்தலாம். தொலைபேசிச் சேவைகளின் வாசகங்களை வகுப்பில் கேட்கச் செய்து, நன்னூலின் குற்றங்களுள் எது எங்கே உள்ளது என்று மாணவரைக் காணச் செய்யலாம். ஏட்டில் மனப்பாடமாய் நின்ற பாடம் செவியில் உயிர்பெறும். திருத்திய வாசகத்தை உரியவர்க்கு எழுதி அனுப்பினால் அது மொழித்தொண்டும் ஆகும்.

இவ்வாறு ஆக்கிய வாசகம் நன்றா என்பதற்கு முடிவான தேர்வு ஒன்றே. முதலிற் சொன்ன பாட்டியிடம் தொலைபேசியைக் கொடுத்து, அருகில் எவரும் துணை நில்லாமல், அவர் வேண்டியதை அவரே பெறுகிறாரா என்று பார்க்க வேண்டும். 'இவன் என்ன சொல்றான்?' என்று அவர் பேரனை நோக்கித் திரும்புவாராயின் வாசகத்தை மீண்டும் எழுதுதல் வேண்டும். திரும்பாமல் பேசி முடித்துத் தொலைபேசியைக் கீழே வைப்பாராயின், அக்குரல் தமிழ் பேசிற்று என்று சொல்லலாம்.